ஓல்னேக்கு நன்மை கொண்டுபோன ஞாயிறு

நற்கருணையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவன் வாய் திறக்கக் கூடாது. இது திருச்சபை போட்ட சட்டம் அல்ல, நான் எனக்குப் போட்டுக்கொண்டது. "நேரே போங்கோ, வழியிலை கடைக்குள்ளை பூராதேங்கோ, மனசுக்குள்ளை செபம் சொல்லிக்கொண்டு போங்கோ" என்று மட்டுந்தான் எங்கள் சுவாமியார் சொல்லித் தந்தார். எனக்கு அது போதவில்லை. நாட்டின் ஜனாதிபதி பக்கத்தில் நடந்து வரும்போது தெருவில் நிற்கிறவனோடு வெண்டைக்காய் விலை கதைப்பீர்களா? கதைக்கமாட்டீர்கள். அப்படியானால் ஆண்டவருக்கு அதைவிடக் குறைவான மரியாதையா?

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் நாங்கள், பூசையில் ஆண்டவரின் உடலாகிற அப்பமான நற்கருணையை வாங்குவதை 'நன்மை எடுக்கிறது' என்று சொல்லுவோம். கோவிலுக்கு வரமுடியாத நோயாளிகளுக்கு நன்மையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சுவாமியார் எங்களில் மூன்று பேரைத் தெரிவு செய்திருக்கிறார். பூசை முடிந்ததும் அப்பத்தை ஒரு சின்ன வட்டச் சிமிழில் வைத்து, சிமிழைத் தோல் பையில் இட்டு, எங்கள் கழுத்தில் மாட்டிவிடுவார். மூவரில் நானும் ஒருவன். வாரத்தில் ஆறு நாள் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ஒரு மரக்கறிக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். என் வாய் சும்மா கிடக்காது என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

பக்தியில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பூசை நேரத்தில் யாருடைய தொலைபேசியாவது அடித்தால் முதலில் திரும்பி முறைக்கிறவன் நான். சூயிங்கம் மென்றுகொண்டு நன்மைக்கு வந்த ஒரு பெடியனை வரிசையிலிருந்து வெளியே இழுத்திருக்கிறேன். திருஇருதய ஆண்டவர் படம் போட்ட கலண்டர்களை வருடம் முடிந்தாலும் குப்பையில் போட எனக்கு மனம் வராது. பதினொரு வருடக் கலண்டர்கள் எங்கள் அலுமாரியின் மேல் அடுக்கிக் கிடக்கின்றன. "ஒரு நாளைக்கு உது உங்கடை தலையிலை விழும். அப்ப ஆண்டவரே விழுத்தினவர் எண்டு நான் சொல்லுவன்" என்பாள் மனைவி. சொல்லட்டும். மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிக்குள் ஆண்டவரின் முகத்தைப் போட என்னால் ஏலாது.

இந்தப் பக்தியால்தான் நான் என் தம்பியை இழந்தேன். இழந்தேன் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அப்போது, துரத்தினேன் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

தம்பி என்னிலும் ஆறு வயது இளையவன். பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவில் ஒரு பழைய பண்டகசாலையை வாடகைக்கு எடுத்து நடக்கிற செபக்கூட்டம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினான். முதலில் மனைவியின் சுகத்துக்காகப் போனான். பிறகு எல்லோருமாகப் போனார்கள். பிறகு தண்ணீரில் மூழ்கி இன்னொரு தரம் ஞானஸ்நானம் எடுத்தான். அம்மாவின் கையில் பச்சைக் குழந்தையாக இருந்தபோது எடுத்த ஞானஸ்நானம் என்ன, காலாவதியாகிப் போச்சோ? அதைக்கூட நான் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று, என் வீட்டில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு பேச்சில் அவன் சொன்னான்: "அண்ணை, நீங்கள் முழங்காலிலை நிண்டு கும்பிடுறது வெறும் அப்பம்தானே."

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். "வெளியாலை போ" என்றேன். போனான். பெண்சாதி பிள்ளைகளோடு அம்மாவும் போகவேண்டியிருந்தது, ஏனென்றால் அம்மா இருந்தது அவன் வீட்டில். என்னுடைய வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாம் மாடி. அம்மாவின் முழங்கால் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் நானும் தம்பியும் ஒரு சொல் பேசவில்லை. அம்மாவை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் காண்பேன். தம்பியின் மகள் ரயிலில் கூட்டிவந்து கோவில் வாசலில் விட்டுவிட்டுப் போவாள். பூசைக்குப் பிறகு நான் அம்மாவோடு அரைமணி நேரம் இருந்து கதைப்பேன். போன இலையுதிர் காலத்தோடு அதுவும் நின்றது. இருதயத்தில் ஒரு வால்வு பழுது, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார்கள். நான் ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசி எடுப்பேன். "நல்லாயிருக்கிறன் மோனை" என்பார். நானும் நம்பிக்கொண்டு வைத்துவிடுவேன். அம்மா இருக்கிற ஓல்னேக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது தம்பியின் வீடு.

மூவரில் இன்னொருவரான பாண்டிச்சேரி அம்மையார்தான், பிரெஞ்சுத் தபால் இலாகாவில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், மாதத்தில் இரண்டு தரம் அம்மாவுக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஒரு கலியாணத்துக்காகப் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. அப்போதுதான் அம்மாவுக்கு ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை. எழுபத்தொன்பது வயதில் நெஞ்சைத் திறக்கிற ஒப்பரேசன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியார் என்னைச் சங்கீஸ்துக்குள் கூப்பிட்டார். பூசை உடுப்புகள் மாற்றுகிற அந்தச் சின்ன அறையில் வேறு யாரும் இல்லை.

"அம்மாவுக்கு நன்மை கொண்டுபோக வேணும். வீட்டிலை இருந்து கேட்டவை."

"சுவாமி, அந்த வீட்டுப் படி நான் மிதிக்கிறதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். எனக்கு இண்டைக்கு ரெண்டு ஞானஸ்நானம், மற்றவர் வேலையிலை. நீங்கள் போகாட்டி அம்மா நன்மை எடுக்காமல்தான் ஒப்பரேசனுக்குப் போவா." சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன செய்வம்?"

வேறென்ன செய்கிறது? கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுதிரி, தீப்பெட்டி, ஒரு சின்னச் சிலுவை, செபப்புத்தகம் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டேன். நன்மை வீட்டுக்கு வரும்போது விளக்கோ மெழுகுதிரியோ எரியவேண்டும் என்பது நான் பிறந்த நாளிலிருந்து கண்ட வழக்கம். அந்த வீட்டில் மெழுகுதிரி இருக்காது என்று எனக்குத் தெரியும். தம்பி ஏதாவது வாய் காட்டினால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒன்றும் பேசக்கூடாது, பேசாமல் போய், கொடுத்துவிட்டு, பேசாமல் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கு நல்லாகவே பிடித்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் லா ஷப்பல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். ரூ பெர்தொனே என்கிற தெருவின் முனையைத் தாண்டாமல் நான் ரயிலடிக்குப் போக முடியாது. முனையில் நகைக்கடைக்காரர் நின்றார். "என்ன அண்ணை, நல்ல முருங்கைக்காய் வந்ததாமே?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். "அண்ணை, உங்களைத்தான்!" நான் நிற்கவில்லை. மனுசன் பத்தடி தூரம் பின்னாலேயே வந்தார். "நான் என்ன செய்தனான் எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போறியள்? இந்த மனுசனுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சது?" சாப்பாட்டுக்கடை வாசலில் ஒரு பொம்பிளை இரக்கப்பட்டு, "பல்லுக்கொதியோ அண்ணை?" என்று கேட்டா. தப்பினால் போதும் என்று, ஓம் என்று தலையாட்டிவிட்டேன். ஆண்டவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு பொய். கார் து நோர் ரயிலடிக்குப் போய்ச் சேரும்வரை அதற்கு மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொண்டு போனேன்.

அங்கே சீட்டுப் பரிசோதகர்கள் வரிசையாக நின்றார்கள். என் பயண அட்டையைக் கருவியில் வைத்துப் பார்த்த இளம் பெண் ஏதோ கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. பிரெஞ்சு தெரியாதவன் என்று நினைத்து ஒவ்வொரு சொல்லாக இழுத்து, சத்தமாக, கையைக் காட்டிக் கேட்டா. இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் கல்லாவில் நின்றவன் நான். என்றாலும் சிரித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவவும் சிரித்து, போகச்சொல்லிக் கையைக் காட்டினா. என் சட்டத்தை நான் காப்பாற்றிவிட்டேன். ரயிலில் இருக்கும்போது எனக்கு என்னைப் பற்றி ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க விருப்பமில்லை.

தம்பியின் சபை இருக்கிற லா கூர்னெவ் வந்தபோது யன்னலால் பார்க்காமல் செபமாலையை எண்ணினேன். ஓல்னேயில் இறங்கி, பதினைந்து நிமிடம் நடந்து, தம்பியின் கட்டடத்துக்கு வந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்காம் மாடி. ஏறிப்போய் மணியை அடித்தேன்.

தம்பி கதவைத் திறந்தான். தாடி நரைத்துப் போயிருந்தது. நான்கு வருடத்தில் ஒரு மனிதன் இவ்வளவு கிழண்டு போவானா என்று நினைத்தேன். அவனும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பான்.

"வா அண்ணை" என்றான்.

நான் பேசவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். வீட்டில் வேறு சத்தம் இல்லை, பெண்சாதி பிள்ளைகளைக் காணவில்லை. நடைபாதையின் முடிவில் அம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு இயந்திரம் ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்டது. உடுப்புத் தோய்க்கிற மெஷினாக்கும் என்று நினைத்தேன். பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தேன். இங்கேயே கொளுத்தி, எரிகிற திரியோடு அறைக்குள் போவதுதான் முறை. தீக்குச்சியை உரசினேன்.

தம்பி பாய்ந்து வந்து ஊதி அணைத்தான். "மெழுகுதிரி வேண்டாம். இஞ்சை கொளுத்தக் கூடாது."

அவ்வளவுதான். ரூ பெர்தொனேயில் வாய் திறக்காதவன், பரிசோதகப் பெண்ணுக்கு முன்னால் ஊமையாக நின்றவன், அந்த நடைபாதையில் வாய் திறந்தேன்.

"ஏன்டா? உன்ரை சபைக்காரர் சொன்னவையோ? மெழுகுதிரி கொளுத்தினால் பிசாசு வருமெண்டு சொன்னவையோ?"

"அண்ணை, சொல்லுறதைக் கேள்..."

"நீ வாயைப் பொத்து! பெத்த தாய் சாகக் கிடக்கிறா, அவவுக்கு ஒரு மெழுகுதிரி எரியிறது உனக்குப் பொறுக்கேல்லை! வெறும் அப்பம் எண்டு சொன்ன நாய் நீ! உன்னைத் தம்பியெண்டு சொல்ல எனக்கு வெக்கம்! அண்டைக்கே உன்ரை பல்லை உடைச்சிருக்க வேணும்!"

இன்னும் சொன்னேன். எழுத முடியாததும் சொன்னேன். நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் கல்லாவில் நின்று மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் மூச்சு வாங்க நிறுத்தின இடைவெளியில் தம்பி போய் அம்மாவின் அறைக்கதவைத் திறந்துவிட்டான்.

கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு தீச்சுவாலையின் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. கட்டிலின் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வந்த குழாய் அம்மாவின் மூக்கில் மாட்டியிருந்தது.

"ஒட்சிசன்" என்றான் தம்பி. "மூண்டு கிழமையாப் போட்டிருக்கினம். நெருப்புக் காட்டினால் எல்லாம் பத்தும். அதைத்தான் சொல்ல வந்தனான்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டான்.

நான் தீப்பெட்டியோடு நின்றேன். என் தாய் மூன்று கிழமையாகக் குழாயால் மூச்சு விடுகிறார். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசி எடுத்தவன் நான். அந்த இரைச்சல் தொலைபேசியில்கூடக் கேட்டிருக்கும், நான் தொலைக்காட்சி என்று நினைத்திருப்பேன். அதன்பிறகுதான் கழுத்தில் மாட்டியிருந்த சிமிழ் ஞாபகம் வந்தது. என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, நான் கத்தின ஒவ்வொரு சொல்லுக்கும் அது குலுங்கியிருக்கும். வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்தெட்டு வயதில் அறிந்துகொண்டேன்.

"வா" என்றார் அம்மா. மூச்சு இழுத்து இழுத்துத்தான் பேசினார். "எல்லாம் கேட்டது."

"அம்மா, எனக்குத் தெரியாது... நீங்கள் சொல்லேல்லையே..."

"நீ ஆரைக் கொண்டுவந்தனீ?"

நான் சிமிழைத் தொட்டேன். "ஆண்டவரை."

"அவருக்கும் கேட்டிருக்கும்."

பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டிலடி மேசையில் விரிக்கப் போனேன். வேலையைத் தொடங்கினால் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அம்மா கையை உயர்த்தித் தடுத்தார்.

"இப்ப உன்ரை கையாலை நான் எடுக்க மாட்டன்."

"அம்மா! செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன்!"

"தெரியும். ஒப்பரேசன் எனக்குத்தானே." கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தார். "உந்த வாயோடை நீயும் இதைத் தொடக்கூடாது, நானும் எடுக்கக்கூடாது. போய்த் தம்பியோடை கதை."

"அவன் கதைக்க மாட்டான் அம்மா."

"கதைக்காட்டி நீ திருப்பிக் கொண்டுபோ. நான் நன்மை இல்லாமல் போறன்."

அம்மா வெருட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். சொன்னபடி அவர் நன்மை எடுக்காமல் சத்திரசிகிச்சை அறைக்குள் போய், அங்கேயே கண்ணை மூடினால், அதற்குக் காரணம் நான். பண்டகசாலைச் சபை அல்ல. சூயிங்கம் மென்ற பெடியன் அல்ல. நான். பக்தியில் பாடம் தேவைப்படாத நான்.

நான் திரும்பினேன். "பொறு" என்றார். "அவரை என்னட்டை வைச்சிட்டுப் போ. அவரைக் கழுத்திலை கட்டிக்கொண்டு போய் இன்னொருக்காச் சண்டை பிடிப்பாய்."

தோல் பையைக் கழற்றி, வெள்ளைத் துணியில் வைத்து, துணியோடு அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். சிமிழை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அம்மா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

குசினியில் தம்பி எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவியிருந்த தேத்தண்ணிக் கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டுந்தான். எங்கள் குடும்பத்தில் ஆம்பிளைகள் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஐயா ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் ஆறினால் சந்தைக்குப் போய் நல்ல மீன் வாங்கிக்கொண்டு வருவார், அதோடு சரி. என் கையில் மீன் இல்லை.

"மன்னிச்சுக்கொள்ளடா" என்றேன்.

தண்ணீரை நிற்பாட்டினான். திரும்பவில்லை.

"ஒட்சிசன் எண்டு எனக்குத் தெரியாது."

"வந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்" என்றான்.

அடி சரியான இடத்தில் விழுந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"வீட்டிலை ஒருத்தரும் இல்லையோ?"

"எல்லாரும் சபைக்குப் போட்டினம். இண்டைக்கு ஆராதனை."

"நீ போகேல்லையே?"

"நீ வாறாய் எண்டு நிண்டனான்." கை துடைத்த துணியை மடித்து மேசையில் வைத்தான். "சுவாமியாருக்கு ஃபோன் எடுத்தது நான்தான்."

"நீயோ?"

"பின்னை ஆர்? அம்மாவோ? அவவுக்கு ரெண்டு சொல்லு கதைக்கவே மூச்சுக் காணாது. வேற ஆரும் வேண்டாம், அண்ணையை அனுப்புங்கோ எண்டு கேட்டனான்."

வீட்டிலிருந்து கேட்டார்கள் என்று சுவாமியார் சொன்னபோது அது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

"உனக்கு அது வெறும் அப்பம்தானே" என்றேன். சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டேன்.

"எனக்கு அப்பம்தான் அண்ணை. நான் பொய் சொல்ல மாட்டன். ஆனால் அம்மாவுக்கு அது ஆண்டவர். அம்மாவின்ரை ஆண்டவர் இந்த வீட்டுக்கு வாறதை மறிக்க நான் ஆர்?"

நானும் பொய் சொல்லவில்லை. "நீ அண்டைக்குச் சொன்னது பிழை. இப்பவும் பிழைதான், அதிலை மாற்றமில்லை. ஆனால் உன்னைக் கலைச்சது என்ரை பிழை. நாலு வரியம் வராமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை."

"நான் சொன்ன இடமும் பிழைதான்" என்றான். "அம்மாவின்ரை பிறந்தநாள். சாப்பாட்டு மேசை. சொல்லியிருக்கக் கூடாது." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாய் எண்டு சொன்னியே" என்றான்.

"சொன்னனான்."

"பல்லை உடைப்பன் எண்டும் சொன்னாய்."

"அதை விடு. மூண்டு பல்லுத்தானே மிச்சம் இருக்கு உனக்கு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தான். நாங்கள் கட்டிப்பிடிக்கிற சாதி இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

இருவருமாக அறைக்குள் போனோம். அம்மாவின் கை இன்னும் சிமிழின் மேல்தான் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. எங்களைப் பற்றித்தான் முறையிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"கதைச்சியளோ?"

"ஓம்" என்றோம்.

"ஆர் முதல் கதைச்சது?"

"அண்ணை" என்றான் தம்பி.

"அப்ப சரி."

அம்மாவின் கண்கள் தெளிவாக இருந்தன. மெழுகுதிரி இல்லை. நான் துணியைச் சரிசெய்து சிலுவையை வைக்கும்போது, தம்பி கட்டில் தலைமாட்டில் இருந்த மின்விளக்கைப் போட்டான். மத்தியான வெளிச்சத்தில் அது எரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. "வெளிச்சம்தானே வேணும்" என்றான்.

கர்த்தர் கற்பித்த செபத்தை மூன்று பேரும் சொன்னோம். அங்கே ஒரு குழப்பம். அவனுடைய சபையில் சொல்கிற சொற்கள் வேறு, எங்கள் பூசையில் இப்போது சொல்கிற சொற்கள் வேறு, அம்மா சின்ன வயதில் பாடமாக்கின பழைய சொற்கள் வேறு. அர்த்தம் ஒன்றுதான். முதல் வரியிலேயே மூவரும் முட்டுப்பட்டோம். நான் என்னுடையதை விட்டுக்கொடுக்கவில்லை, அவனும் விடவில்லை. அவன் தன் சபையில் முடிவில் சேர்க்கிற வரியையும் சேர்த்து, எங்களை விட நீளமாகச் சொல்லி முடித்தான். அப்படியும் அம்மா பாதி வழியில்தான் இருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து, எங்கள் குற்றங்களைப் பொறுக்கச் சொல்லுகிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று, போய்ச் சேர்ந்தார். நாங்கள் காத்திருந்தோம்.

அம்மா இன்று இருக்கிறார். ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. நான் வாங்கிக்கொண்டு போகிற மீன் பழுது என்று நேற்றும் குறை சொன்னார். ஆனால் அந்த ஞாயிறு அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. இதுவே கடைசி நன்மையாக இருக்கலாம் என்றுதான் மூவரும் நினைத்தோம், ஒருவரும் சொல்லவில்லை.

சிமிழைத் திறந்தேன். அம்மாவுக்கு வாய் காய்ந்து போயிருந்தபடியால் அப்பத்தில் ஒரு சிறு துண்டை உடைத்தேன். அம்மா தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. தம்பி மறுபக்கம் வந்து ஒரு கையால் அம்மாவின் பிடரியைத் தாங்கி உயர்த்தினான். மற்றக் கையை விரித்து, அம்மாவின் வாய்க்கு நேரே, நாடிக்குக் கீழே பிடித்தான்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோவிலில் சனங்கள் முழங்காலில் நின்று நன்மை எடுக்கும்போது, ஒரு துணுக்கும் நிலத்தில் விழக்கூடாது என்று பீடப் பரிசாரகன் ஒவ்வொருவருடைய நாடிக்குக் கீழும் ஒரு பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு போவான். சின்ன வயதில் மூன்று வருடம் அந்தத் தட்டைப் பிடித்தவன் தம்பிதான். பாரிஸில் அதெல்லாம் இல்லை. வேண்டுமென்று அவன் செய்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை. கை தானாக வந்தது.

"கிறிஸ்துவின் உடல்" என்றேன்.

"ஆமென்" என்றார் அம்மா.

துண்டை நாக்கில் வைக்கும்போது அதன் ஓரம் முறிந்து, ஒரு பொடி, அரிசிக் குறுணலிலும் சின்னது, தம்பியின் உள்ளங்கையில் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. தம்பி கையை அசைக்கவில்லை. அவனுக்கு அது அப்பம், அதைத் தட்டிவிட்டுக் கையைத் துடைத்திருக்கலாம். என்னிடம் நீட்டியிருக்கலாம். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. உள்ளங்கையைக் குவித்து, மெதுவாக, மிக மெதுவாக, அம்மாவின் வாயருகே கொண்டுபோனான்.

அம்மா தலையைக் குனிந்து, அவன் கையிலிருந்தே அதை எடுத்துக்கொண்டார்.